கிரேக்கமா, ரோமா? யேலின் இரண்டு இலவச வகுப்புகள்

பண்டைய கிரேக்கத்தையும் ரோமையும் கல்லூரிப் பாடமாகவே படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு யேல் பல்கலைக்கழகத்தின் இரண்டு வகுப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்று டொனால்ட் கேகன் 2007இல் நடத்திய கிரேக்க வரலாறு, மொத்தம் 24 விரிவுரைகள். இன்னொன்று டயானா கிளைனர் 2009இல் நடத்திய ரோமக் கட்டடக்கலை. இரண்டையும் முழுக்கப் பார்த்திருக்கிறேன். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் கேகனைப் பாருங்கள் என்பேன்.

கேகன் பெரும்பாலும் பேசிக்கொண்டே போகிறார். படங்கள் குறைவு, அதனால் பஸ்ஸில் போகும்போதுகூடக் காதால் கேட்டே படித்துவிடலாம். ஹாப்ளைட் என்ற காலாட்படை வீரனை எடுத்துக்கொள்ளுங்கள். இடது கையில் பெரிய வட்டக் கேடயம். அது அவனுடைய இடப்பக்கத்தையும், இடப்புறம் நிற்பவனின் வலப்பக்கத்தையும் மறைக்கும். மறைப்பில்லாத தன் வலப்பக்கத்தை ஒவ்வொருவனும் பக்கத்து ஆளின் கேடயத்துக்குள் ஒடுக்கிக்கொள்ளப் பார்ப்பான். அதனால் முன்னேற முன்னேற மொத்தப் படையும் வலப்பக்கமாக ஒதுங்கிக்கொண்டே போகும். பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் எழுதி வைத்த விஷயம் இது. சொந்தக் காசில் கேடயம் வாங்கி, பக்கத்து வயல்காரனோடு தோளோடு தோள் நின்ற விவசாயி, நகர ஆட்சியிலும் தனக்கு இடம் கேட்டதில் என்ன வியப்பு? கேகனின் வகுப்பில் போர்முறையும் அரசியலும் இப்படி ஒரே கதையாகிவிடுகின்றன.

எனக்கு அதைவிடப் பிடித்தது, அவர் மூல நூலோடு மோதும் இடம். கி.மு. 431 முதல் 404 வரை ஏதென்ஸ், ஸ்பார்ட்டா என்ற இரண்டு கிரேக்க நகர அரசுகள் மோதிய பெலொப்பொனேசியப் போரைப் பற்றி மட்டும் நான்கு தொகுதிகள் எழுதியவர் கேகன். ஏதென்ஸ் வளர்ந்தது, ஸ்பார்ட்டா பயந்தது, போர் வந்தே தீர வேண்டியதாயிற்று என்கிறார் தூசிடிடீஸ். அப்படியொன்றும் வந்தே தீர வேண்டியதில்லை, ஒவ்வொரு கட்டத்திலும் மனிதர்கள் வேறு முடிவு எடுத்திருக்க முடியும் என்பது கேகனின் வாதம். அந்தப் போரை நேரில் அறிந்த ஒருவரின் தீர்ப்பையே இப்படிக் கேள்வி கேட்கலாம் என்று கற்றுக்கொள்வதற்காகவே இந்த வகுப்பில் உட்காரலாம்.

குறை இல்லாமல் இல்லை. போரும் அரசியலும்தான் நிறைய. பெண்கள், அடிமைகள், அன்றாட வாழ்க்கையெல்லாம் ஓரமாகவே நிற்கின்றன.

கிளைனரின் பலம் அங்கேதான். அவருக்குக் கல்லும் சுவரும்தான் சான்று. எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன ரோம நகரமான பாம்பேயின் தெருக்களில் வண்டிச்சக்கரம் பதித்த தடம், தெருவைக் கடக்கப் போட்டிருக்கும் உயரமான கற்கள், சாப்பாட்டுக்கடையின் கல்மேடை என்று கூடவே நடத்திக்கொண்டு போகிறார். ரோமில் யூரிசேசஸ் என்ற ரொட்டிக்கடைக்காரரின் கல்லறை இருக்கிறது. அதன் சுவரில் வட்டமாக ஓட்டை ஓட்டையாக இருக்கும். மாவு பிசையும் எந்திரத்தின் வடிவம் அது என்று பலர் கருதுகிறார்கள். மேலே சுற்றிவர மாவு அரைப்பது, பிசைவது, சுடுவது, ரொட்டியை எடை போடுவது எல்லாம் வரிசையாகச் செதுக்கியிருக்கிறது. சக்கரவர்த்திகளின் ஊரில் ஒரு மனிதர் தன் தொழிலையே கல்லறையாகக் கட்டிக்கொண்டதைப் பார்த்தபோது வீடியோவை நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் இதைக் காதால் மட்டும் கேட்டுப் படிக்க முடியாது. ஸ்லைடுக்கு மேல் ஸ்லைடு வரும். போன் திரை போதாது, லேப்டாப்பாவது வேண்டும். ரோமக் குடியரசு ஏன் சரிந்தது, முதல் சக்கரவர்த்தியான அகஸ்டஸ் எப்படி மேலே வந்தார் என்பதையெல்லாம் தெரிந்துகொண்டு வந்தால்தான் கட்டடங்கள் பேசும். ரோமைப் பற்றி ஒன்றுமே படிக்காமல் நேராக இதில் இறங்கினால் பெயர்களிலேயே திணறிப்போவீர்கள். கேகனுக்கு அந்த முன்தயாரிப்பு தேவையில்லை, அடியிலிருந்தே ஆரம்பிக்கிறார்.

வரைகிறவர்கள், கட்டடக்கலை படிக்கிறவர்கள், இத்தாலிக்குப் போகப்போகிறவர்கள் இந்த வரிசையை மாற்றிக்கொள்ளலாம். மற்றவர்கள் கேகனோடு ஆரம்பியுங்கள். அவர் சொல்வதை மட்டும் கேட்காமல் தூசிடிடீஸையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. அப்புறம் கிளைனரிடம் வாருங்கள், அந்த ரொட்டிக்கடைக்காரர் காத்திருப்பார்.