திருச்சியிலிருந்து தனுஷ்கோடி: வாடகைக் காரில் கடலோரம்

சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நேர் விமானம் இருப்பது எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பெரிய வசதி. ஆனால் ராத்திரி வந்து இறங்குகிறவர்கள் அப்போதே வாடகைக் காரை எடுக்க வேண்டாம். டிராவல்ஸ்காரர்களில் பலருக்கு ஒரு நாள் என்பது நள்ளிரவு 12 மணியிலிருந்து அடுத்த நள்ளிரவு வரை. 11 மணிக்கு ஏறி உட்கார்ந்தால் அந்த ஒரு மணி நேரத்துக்கும் டிரைவருக்கு ஒரு நாள் பேட்டா விழும். நண்பன் திருச்சிவாசி, ஆடிட்டர் ஆபீஸில் வேலை. "பேசாம வீட்டுக்கு வந்து படு, காலைல அஞ்சு மணிக்கு வண்டியை வரச் சொல்லியிருக்கேன்" என்று ஏர்போர்ட்டிலேயே சொல்லிவிட்டான்.

நாமே ஓட்டலாமே என்ற ஆசை எனக்கு இருந்தது. ஓட்டிக்கொள்ள வாடகைக்கு விடும் வண்டிக்குக் கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். விசாரித்த ஓர் இடத்தில் காட்டியதெல்லாம் வெள்ளை போர்டு, அதாவது யாரோ ஒருவரின் சொந்த வண்டி. வாடகைக்கு ஓடும்போது எங்காவது இடித்தால் இன்சூரன்ஸ்காரர் கையை விரித்துவிடுவார். வெளிநாட்டு லைசென்ஸை நம்பி அந்த வம்பு எதற்கு? டிரைவரோடு மஞ்சள் போர்டு டிசையர் பேசினோம். கிலோமீட்டருக்கு 14 ரூபாய், பேட்டா 500, டோலும் பார்க்கிங்கும் தனி, நாளுக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர். ஷெட்டில் இருந்து ஷெட் வரைக்கும், அதாவது வண்டி தன் இடத்தை விட்டுக் கிளம்பித் திரும்பிப் போய்ச் சேரும் வரைக்கும் மீட்டர் ஓடும்.

இந்த 250 தான் கடலோரப் பயணத்தில் கடிக்கும். வேளாங்கண்ணியிலிருந்து கோடியக்கரை ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான். பார்த்துப் பார்த்துப் போகிற நாளில் வண்டி அதிகம் ஓடாது. ஒரு நாள் 120, மறுநாள் 380 ஓடினால், இரண்டு நாளையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கிறவருக்கு மொத்தம் 500, மினிமத்துக்குச் சரியாகப் போய்விடும். நாளுக்கு நாள் தனியாகக் கணக்குப் பார்க்கிறவரோ முதல் நாளுக்கு 250 போட்டு மொத்தம் 630 என்பார். எந்தக் கணக்கு என்பதை நண்பன் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொண்டான். வாயால் சொன்னது பில் வரும்போது காணாமல் போகும் என்பது அவன் கட்சி.

வேளாங்கண்ணியில் லாட்ஜ் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு டிரைவர் அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "சார், டிரைவருக்குப் படுக்க இடம் இருக்கான்னு நீங்க கேளுங்க. நான் கேட்டா இல்லன்னுடுவாங்க." கேட்டோம். ரிசப்ஷனில் இருந்தவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, பின்பக்கம் ஒரு ஹால் இருக்கிறது என்றார். போய்ப் பார்த்தேன். நாலு பாய், ஒரு ஃபேன், பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் இல்லை. அதற்கே அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. அடுத்து தங்கிய ஊரில் அதுவும் கிடையாது. ஜன்னலில் கொசுவலைத் துணியைச் செருகி, முன்சீட்டைச் சாய்த்து அவரே இடம் செய்துகொண்டார். லாட்ஜ்களில் ஓட்டுநருக்குப் படுக்கை, கழிப்பறை இருக்க வேண்டும் என்று தமிழக அரசு 2023ல் கட்டட விதியையே திருத்தியது. பழைய லாட்ஜ்களின் வாசலைத் தாண்டி அது இன்னும் உள்ளே வரவில்லை போலிருக்கிறது. மறுநாள் காலை நம் உயிரை ஸ்டியரிங்கில் வைத்திருக்கப் போகிறவர் தூங்கினாரா என்பது நமக்கும் முக்கியம்தானே. அதன் பிறகு எங்கள் ரூமிலேயே ஒரு எக்ஸ்ட்ரா பெட் போடச் சொன்னோம். முதலில் கூச்சப்பட்டார், அப்புறம் எங்கள் இருவரையும் விட நன்றாகக் குறட்டை விட்டார்.

பாதை அருமை. வேதாரண்யத்தைத் தாண்டினால் அகஸ்தியம்பள்ளி உப்பளங்கள். 1930ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளியது இந்தப் பக்கம்தான். தை கடைசி என்பதால் பாத்தி சரிசெய்கிற வேலைதான் நடந்துகொண்டிருந்தது. கோடியக்கரையில் வெளிமான் கூட்டம் வண்டிச் சத்தத்துக்குத் தலையைக் கூடத் தூக்கவில்லை. 2018ல் கஜா புயல் சாய்த்த தோப்புகளில் இப்போது இளந்தென்னைகள். மல்லிப்பட்டினத்தில் சங்கரா மீன் குழம்போடு சாப்பாடு. கடையை அண்ணன்தான் காட்டினார். டிரைவருக்கு ஓசிச் சாப்பாடு போட்டு, அதை நம் தலையில் கட்டுகிற ரகம் இல்லை. பக்கத்திலேயே மனோரா. நெப்போலியன் தோற்றதற்காகத் தஞ்சை சரபோஜி மன்னர் கட்டிய கோபுரம், எட்டு அடுக்கு. தஞ்சாவூர் ராஜாவுக்கு ஏன் அத்தனை சந்தோஷம் என்று நண்பன் இறங்கும்வரை கேட்டுக்கொண்டே வந்தான்.

பாம்பன் பாலத்தில் எல்லோரும் வண்டியை ஓரங்கட்டிப் படமெடுக்கிறார்கள். அண்ணன் நிறுத்த மறுத்துவிட்டார், நியாயம்தான். 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலத்தையும், பக்கத்தில் 1914ன் பழைய பாலத்தையும் ஓடுகிற வண்டியிலிருந்தே பார்த்தோம். தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை இப்போது தார் ரோடு. சின்ன வயதில் வந்தபோது மணலில் வேனில் குலுங்கிய இடம் அது. அங்கே குறை ஒன்றே ஒன்று. அத்தனை கூட்டத்துக்கு உருப்படியான கழிப்பறை கண்ணில் படவில்லை. பெண்களோடு போகிறவர்கள் ராமேஸ்வரத்திலேயே முடித்துக்கொண்டு கிளம்புவது நல்லது.

திருச்சி திரும்பியதும் பில் வந்தது. கிலோமீட்டர் கணக்கு எழுதி வாங்கியபடியே இருந்தது. டோல் மட்டும் மொத்தமாக ஒரு முழுத்தொகை. ஃபாஸ்டாக் கழித்த மெசேஜ் ஓனரின் போனுக்குத்தான் போகும், டிரைவரிடம் காட்ட ஒன்றும் இருக்காது. ஸ்க்ரீன்ஷாட் அனுப்புங்கள் என்றதும் கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் 160 ரூபாய் குறைத்துப் புது பில் வந்தது. பேட்டாவை நாங்கள் தினமும் ராத்திரி அண்ணன் கையிலேயே கொடுத்து வந்தோம். புது பில்லிலும் அது இருந்தது. நண்பன் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டு, மீதியை ஜிபேயில் போட்டான்.