தம்பிக்காகத் தேடிய ஏஏ குழு: ஒரு அக்காவின் மதிப்புரை

குடியை விட விரும்புகிறவர்கள் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏஏ, நல்லதா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எந்தக் குழு என்று கேளுங்கள். ஒவ்வொரு குழுவும் தன்னைத் தானே நடத்திக்கொள்ள வேண்டும் என்பது அவர்களுடைய 12 மரபுகளில் ஒன்று. அதனால் ஒரே பெயர்ப்பலகைக்குக் கீழே நடக்கும் இரண்டு கூட்டங்கள் இரண்டு வேறு உலகமாக இருக்கும்.

குழு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது பெரிய வேலை இல்லை. ஏஏ இணையதளத்திலும் உதவி எண்ணிலும் கிடைத்துவிடும். சிகிச்சை தரும் மருத்துவரிடம் கேட்டாலும் சொல்வார். இடமும் நேரமும் மாறிக்கொண்டே இருப்பதால் கிளம்பும் முன் ஒரு போன் போட்டுவிடுங்கள். துணிச்சலைத் திரட்டிக்கொண்டு வந்தவன் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினால், அவனை மறுபடி கிளப்புவது பெரும்பாடு.

நாங்கள் முதலில் போன குழு எனக்குப் பிடிக்கவில்லை. மூத்த உறுப்பினர் ஒருவரே பாதி நேரம் பேசினார். மருத்துவர் கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டு குடிக்காமல் இருப்பது உண்மையான விடுதலையே இல்லை என்றார். தம்பியின் முகம் சுருங்கிப்போனது. அப்போது அவன் மருத்துவர் சொன்னபடி மருந்து எடுத்துக்கொண்டிருந்தான். உறுப்பினர்கள் யாரும் வைத்தியம் பார்க்கக் கூடாது என்று ஏஏ தன் வெளியீட்டிலேயே எழுதி வைத்திருக்கிறது. நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்றவை குடியை விட உதவும் முறையான மருந்துகள். அதோடு, தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, சித்தப்பிரமை வரை போய் உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் மருத்துவர், அப்புறம் கூட்டம். இதில் யார் என்ன சொன்னாலும் கேட்காதீர்கள்.

அடுத்துப் போன குழுதான் இன்று வரை அவன் போகிற குழு. அது ஓபன் மீட்டிங் என்பதால் நானும் கடைசி வரிசையில் உட்கார முடிந்தது. க்ளோஸ்டு மீட்டிங் குடிப்பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று ஒவ்வொருவராகப் பேசினார்கள். தம்பியின் முறை வந்தபோது, "இன்னைக்கு நான் கேட்டுக்கிறேன்" என்றான். "சரிங்க தம்பி, வந்ததே சந்தோஷம்" என்று அடுத்தவருக்குப் போய்விட்டார்கள். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த இடத்தில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

கட்டணம் கிடையாது. கடைசியில் உண்டியல் மாதிரி ஒன்று சுற்றி வரும். புதிதாக வந்தவர் எதுவும் போட வேண்டியதில்லை. வெளியார் நன்கொடையை அவர்கள் வாங்குவதே இல்லை. சேருவதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம்.

ஆனால் ஒரு குழுவை எடைபோட, கூட்டம் முடிந்த பிறகு நடப்பதைப் பாருங்கள். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தம்பியிடம் வந்தார். கையிலிருந்த துண்டுப்பிரசுரத்தின் பின்பக்கம் தன் எண்ணை எழுதி நீட்டினார். "குடிக்கணும்னு தோணுச்சுன்னா, குடிக்கிறதுக்கு முன்னாடி கூப்பிடுங்க. குடிச்சப்புறம் கூப்பிட்டாலும் எடுப்பேன்" என்றார். 1935இல் ஏஏ பிறந்ததே இப்படித்தான். பங்குத் தரகரான பில் வில்சன், வெளியூரில் தொழில் கைவிட்டுப்போய்க் குடிக்கத் துடித்த நேரத்தில், பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி கிடைப்பாரா என்று போன் மேல் போன் போட்டுத் தேடினார். அப்படிக் கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். எண் எழுதிக் கொடுத்த அந்தப் பெரியவரைத்தான் தம்பி பிற்பாடு ஸ்பான்சராக, அதாவது தனக்கு வழிகாட்டும் மூத்த உறுப்பினராக, ஏற்றுக்கொண்டான். நள்ளிரவில் அவரைக் கூப்பிட்டுப் பேசுகிற குரல் பக்கத்து அறையில் எனக்குக் கேட்டிருக்கிறது. பெற்றவர்களும் கூடப் பிறந்தவளும் எத்தனை வருடம் கெஞ்சியும் வராத பேச்சு அது.

குறை என்றால், குடியிலிருந்து மீள ஏஏ வகுத்திருக்கும் 12 படிகளில் கடவுள் அடிக்கடி வருகிறார். "நாம் புரிந்துகொண்டபடியான கடவுள்" என்று இடம் விட்டிருக்கிறார்கள், குழுவையே தம்மைவிட மேலான சக்தியாக எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. தம்பி அப்படித்தான். அதுவும் ஒட்டாதவர்கள் ஸ்மார்ட் ரிகவரி கூட்டங்களைப் பார்க்கலாம். 1994இல் தொடங்கியது. படிகளும் இல்லை, குடிநோயாளி என்ற பட்டமும் இல்லை. எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் பயிற்சிகளை, அதற்கெனப் பயின்ற ஒருவர் நடத்துவார். இணையவழியிலும் நடக்கிறது. இருந்தாலும் மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, முறையாக ஏஏவுக்கு வழிநடத்தப்பட்டவர்கள் குடியை அடியோடு விடுவதில் மற்ற சிகிச்சைகள் பெற்றவர்களுக்குச் சமமாகவோ அதைவிட மேலாகவோ இருந்ததாகச் சொல்கிறது. பக்தி இல்லை என்பதற்காக வாசலிலேயே திரும்பிவிட வேண்டாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு அல்-அனான் என்று தனியாக இருக்கிறது. பில்லின் மனைவி லோயிஸும் அவருடைய தோழியும் 1951இல் தொடங்கியது. குடிப்பவர் கூட்டத்துக்கு வர மறுத்தாலும் நீங்கள் அங்கே போகலாம், அவரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. புட்டியை ஒளித்து வைப்பது, அவனுக்காக அலுவலகத்துக்குப் பொய் சொல்வது, எல்லாவற்றையும் அங்கே என்னைப் போன்றவர்களே சொல்லக் கேட்டேன். தம்பியின் கூட்டமும் என்னுடையதும் ஒரே மாலையில் வருகிற வாரங்களில் இரண்டு பேரும் சேர்ந்தே கிளம்புகிறோம்.