புதுச்சேரியில் கைக்குழந்தையோடு தங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய விடுமுறையில் கைக்குழந்தையோடு புதுச்சேரிக்குச் செல்லத் திட்டமிடுபவர்கள், தங்கும் வீட்டுக்கு முழுப் பணத்தையும் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். எங்கள் எட்டு மாத மகளோடு நாங்கள் சென்ற முதல் சுற்றுலாவில், ஒரு வீட்டைக் காட்டிப் பணம் வாங்கிக்கொண்டு வேறொரு வீட்டில் எங்களை இறக்கிவிட்டார்கள்.

முன்பதிவுச் செயலியில் நாங்கள் தேர்ந்தெடுத்தது, கடற்கரையை ஒட்டிய ஒயிட் டவுன் பகுதியில் டூமாஸ் வீதிக்கு அருகில் இருப்பதாகக் குறிப்பிடப்பட்டிருந்த, முற்றம் வைத்த பழைய பிரெஞ்சு காலத்து வீடு. தரைத்தளம், பால் புட்டிகளைக் கொதிக்க வைக்கவும் கஞ்சி காய்ச்சவும் சமையலறை, குழந்தைக்குக் கட்டில் இலவசம் என்று எல்லாம் எழுத்தில் இருந்தன. மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை கடற்கரைச் சாலையில் வாகனங்களை அனுமதிப்பதில்லை என்பதால், தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக் காந்தி சிலை வரை நடந்து போய்வரலாம் என்ற ஒரே காரணத்துக்காகவே, அதிக வாடகையானாலும் அந்த வீட்டை எடுத்தோம்.

சேலத்திலிருந்து கிளம்பி விழுப்புரத்தைத் தாண்டியபோது தொலைபேசி வந்தது. "அந்த வீட்ல பைப் உடைஞ்சிருச்சு மேடம், அதைவிட நல்ல வீடா தர்றோம், லொக்கேஷன் அனுப்பறேன்" என்றார் ஒருவர். அவர் அனுப்பிய இடம் ஒயிட் டவுனுக்கு வெளியே, முத்தியால்பேட்டையில் ஒரு சந்துக்குள், லிப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடி. மூட்டுவலியுள்ள என் மாமியார் ஒவ்வொரு படியிலும் நின்று நின்றுதான் ஏறினார். சமையலறை என்று அவர்கள் காட்டியது, மின்சாரக் கெட்டில் ஒன்று வைக்கப்பட்டிருந்த ஒரு மேடையை.

குழந்தைக் கட்டிலைப் பார்த்தபோதுதான் உண்மையில் பயந்துபோனேன். பெயின்ட் செதில் செதிலாக உதிரும் பழைய இரும்புக் கட்டில் அது. ஒரு பக்கத் தடுப்பின் கொக்கி உடைந்து, நைலான் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. கம்பிகளுக்கு இடையே என் முஷ்டி தாராளமாகப் போய் வந்தது. இத்தகைய கட்டில்களில் இடைவெளி சுமார் 6 செ.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. அதற்கு மேல் இருந்தால் குழந்தையின் உடல் நழுவி வெளியே வந்து தலை மட்டும் சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அந்தக் கட்டிலுக்கும் நாளொன்றுக்கு 800 ரூபாய் தனியாகக் கேட்டார்கள். விளம்பரத்தில் இலவசம் என்று இருப்பதைக் காட்டியபோது, "அது அந்த வீட்டுக்கு" என்பதே பதிலாக வந்தது. காவல்துறைக்கான பதிவேடு என்று சொல்லி எங்களிடம் வாங்கிய கையெழுத்துக்கு மேலே, மாற்று வீட்டை ஏற்றுக்கொண்டதாக ஒரு வரி பொடி எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. கணவரின் அசல் ஆதார் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, கட்டில் பணத்தைக் கொடுத்த பிறகே திருப்பித் தந்தார்கள். அன்றிரவே உப்பளம் பக்கம் ஓர் எளிய விடுதிக்கு மாறினோம்.

மறுநாள் காலை நாங்கள் பதிவு செய்த வீட்டைத் தேடிச் சென்று பார்த்தோம். குழாய் எதுவும் உடைந்திருக்கவில்லை. சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் முற்றத்தில் அமர்ந்து சிற்றுண்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. முந்தைய வாரம்தான், எங்களைவிட மிக அதிக வாடகைக்குப் பதிவு செய்ததாக அவர்கள் சொன்னார்கள். ஆகஸ்ட் 15 சுதந்திர தினம் மட்டுமன்றி அரவிந்தரின் பிறந்த நாளும் ஆதலால் ஆசிரமத்துக்குப் பெருங்கூட்டம் வருகிறது. 1962-இல் பிரெஞ்சு அரசிடமிருந்து சட்டப்படி அதிகாரம் மாறிய நாளான ஆகஸ்ட் 16-உம் அங்கே விடுமுறை. கூட்டம் கூடக்கூட வாடகை ஏறுகிறது. முன்கூட்டியே குறைந்த விலைக்குப் பதிவு செய்தவர்களைச் சந்துக்குள் தள்ளிவிட்டு, அதே அறையைக் கூடுதல் விலைக்கு விற்பதுதான் இவர்களுடைய வழக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது. கைக்குழந்தையோடு வருபவர்கள் பொழுது சாயும் வேளையில் தெருவில் நின்று சண்டையிட மாட்டார்கள் என்பது இவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

செயலி நிறுவனம் அந்தக் கையெழுத்தைக் காட்டியே முதலில் பணத்தைத் தர மறுத்தது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்த பிறகே பாதித் தொகையைத் திருப்பித் தந்தார்கள். மீதிக்காகச் சேலத்திலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுகிறோம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் தாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம். அதற்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, 5 லட்சம் ரூபாய் வரையிலான தொகைக்குக் கட்டணமும் கிடையாது.

போகிறவர்கள் கிளம்புவதற்கு முதல் நாளே, வாசலில் தொடங்கி குழந்தைக் கட்டில் வரை வீடியோ அழைப்பில் காட்டச் சொல்லுங்கள். ஒயிட் டவுன் என்பது கடற்கரைச் சாலைக்கும் பெரிய வாய்க்காலுக்கும் இடைப்பட்ட பகுதி. வாய்க்காலுக்கு மேற்கே உள்ள வீட்டையும் அந்தப் பெயரில் விற்கிறார்கள். வீட்டை மாற்றுவதாகச் சொன்னால், பெட்டியை உள்ளே வைக்காமல் வாசலில் நின்றபடியே செயலி நிறுவனத்துக்கு எழுத்தில் மறுப்புத் தெரிவித்துவிடுங்கள். பதிவேட்டில் கையெழுத்திடும் முன் பக்கம் முழுவதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடையாளத்துக்கு ஆதார் நகலை மட்டும் கொடுங்கள், அசலை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.