எல்லோரும் மேலாளர்தானா? ஒரு பணியாளர் செயலியின் தமிழ் இடைமுகம் குறித்த மதிப்புரை

விடுப்பு விண்ணப்பம், வருகைப்பதிவு, பணிமுறை அட்டவணை, சம்பளச் சீட்டு ஆகியவற்றையெல்லாம் கைப்பேசியிலேயே பார்த்து முடித்துக்கொள்ள உதவும் ஒரு செயலியை எங்கள் தொழிற்கூடத்தில் பயன்படுத்தி வருகிறோம். ‘முழுமையான தமிழ் இடைமுகம்’ உண்டு என்பது அதை விற்கும் நிறுவனத்தின் முதன்மையான விளம்பரம். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த தொழிலாளர்கள் பெரும்பான்மையாக இருக்கும் இடத்தில் அந்த விளம்பரமே வாங்குவதற்குக் காரணமாக அமைந்தது. இந்த மதிப்புரை அந்தத் தமிழைப் பற்றியது. குறிப்பாக, பணியிடத்தில் யார் யார் என்ன என்பதைச் சொல்லும் பெயர்களைப் பற்றியது. இதே வகையான மொழிபெயர்ப்பை வேறு செயலிகளிலும் பார்க்க நேர்ந்ததால் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

செயலியாக இது நன்றாகவே இயங்குகிறது. குறைந்த திறனுள்ள கைப்பேசியிலும் விரைவாகத் திறக்கிறது, எழுத்துரு தெளிவாக இருக்கிறது, சம்பளச் சீட்டில் பிடித்தங்கள் தனித்தனியே விளக்கப்பட்டிருக்கின்றன. நாள், கிழமை, நேரம் ஆகியவை பிழையின்றித் தமிழில் வருகின்றன. ‘பணிக்கொடை’, ‘வைப்பு நிதி’, ‘ஈட்டிய விடுப்பு’ போன்ற சொற்களைச் சரியாக எடுத்தாண்டிருப்பதைப் பார்த்தால், விதிமுறை தெரிந்த ஒருவர் சம்பளப் பகுதியை மேற்பார்த்திருக்கிறார் என்பது புரிகிறது. அந்த அக்கறை பதவிப் பெயர்களின் பக்கம் வரவில்லை.

பணியிடத்தில் ஒரு மனிதரை மூன்று வகையில் குறிக்க வேண்டியிருக்கிறது. அவர் வகிக்கும் பதவி ஒன்று; எனக்கும் அவருக்கும் உள்ள மேல், கீழ் உறவு இன்னொன்று; இந்தக் குறிப்பிட்ட வேலையில் அவருடைய பொறுப்பு மூன்றாவது. பொது மேலாளர் என்பது பதவி. மேலதிகாரி என்பது உறவு. எவர் பதவியிலும் ‘மேலதிகாரி’ என்று எழுதி நியமன ஆணை கொடுப்பதில்லை, ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரு மேலதிகாரி இருக்கிறார். ஒப்புதல் அளிப்பவர், சரிபார்ப்பவர், பரிந்துரைப்பவர் என்பவை ஒரு விண்ணப்பம் நகரும் வழியில் ஒருவர் ஏற்கும் பொறுப்புகள். இம்மூன்றுக்கும் தமிழில் தனித்தனிச் சொற்கள் புழக்கத்திலேயே இருக்கின்றன. செயலியோ மூன்றையும் ‘மேலாளர்’ என்ற ஒரே சொல்லுக்குள் போட்டுவிட்டது. விடுப்பு விண்ணப்பத் திரையில் மட்டும் ‘மேலாளர்’, ‘அறிக்கையிடும் மேலாளர்’, ‘வரி மேலாளர்’, ‘ஒப்புதல் மேலாளர்’ என்று நான்கு பெயர்கள் வருகின்றன.

‘அறிக்கையிடும் மேலாளர்’ என்று படிக்கும் தமிழருக்கு, அறிக்கை தருபவர் அந்த மேலாளர் என்றே பொருள்படும். உண்மையில் நாம்தான் அவருக்குக் கீழ் வேலை செய்து அவரிடம் விவரம் சொல்ல வேண்டும். ‘உடனடி மேலதிகாரி’ என்று அலுவலகக் கடிதங்களில் காலங்காலமாக எழுதிவரும் சொல் இந்த இடத்துக்கு அப்படியே பொருந்தும். ஆங்கில ‘லைன் மேனேஜர்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த ‘வரி மேலாளர்’ இன்னும் மோசம். தமிழில் வரி என்பதற்குக் கோடு என்றும் பொருள், அரசுக்குச் செலுத்துவது என்றும் பொருள். சம்பளச் சீட்டும் வருமான வரிப் பிடித்தமும் உள்ள ஒரு செயலியில் ‘வரி மேலாளர்’ என்ற பெயரைப் பார்க்கும் எவரும் அதை வரித் துறையோடுதான் சேர்த்து எண்ணுவார்கள். விடுப்பில் இருப்பவருக்குப் பதிலாகப் பொறுப்பேற்பவரை, ஆங்கில ‘ஆக்டிங்’ என்பதை அப்படியே பெயர்த்து, ‘நடிப்பு மேலாளர்’ என்று குறிப்பிட்டிருந்தார்கள். ‘பொறுப்பு மேலாளர்’ என்று எந்த அலுவலகப் பெயர்ப்பலகையைப் பார்த்தாலும் தெரிந்திருக்கும்.

இவை சொல்லழகு பற்றிய குறைகள் அல்ல. எங்கள் கூடத்தில் ஒருநாள் விடுப்புக்கு ஒப்புதல் தருபவர் அந்தந்தப் பணிமுறையின் மேற்பார்வையாளர். அவரை யாரும் மேலாளர் என்று சொல்வதில்லை. மேலாளர் என்றால் தொழிற்கூடம் முழுவதற்கும் பொறுப்பான ஒருவரைத்தான் குறிக்கும். திரையில் ‘உங்கள் விண்ணப்பம் மேலாளருக்கு அனுப்பப்படும்’ என்று வந்தவுடன், புதிதாகச் சேர்ந்த பலர் அனுப்பாமலேயே செயலியை மூடிவிட்டு, மேற்பார்வையாளரை நேரில் தேடிப் போய்க் கேட்டார்கள். காய்ச்சலுக்கு ஒருநாள் விடுப்புக் கேட்பதைத் தொழிற்கூட மேலாளர் வரை கொண்டு போக எந்தத் தொழிலாளிக்கும் தயக்கம் இருக்கும். வேலையை எளிதாக்க வந்த கருவி ஒரு பெயரால் அவர்களைப் பின்வாங்கச் செய்தது என்பதே இந்த மதிப்புரையை எழுதத் தூண்டியது.

அடுத்தது படிநிலை. செயலியில் ‘உதவி’ என்ற ஒரே முன்னொட்டு எல்லாத் துணைப் பதவிகளுக்கும் போடப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்துக்குப் பிறகு அரசு அலுவலகங்களில் வளர்ந்த பதவிப் பெயர்கள் இந்தப் படிகளைத் தெளிவாகப் பிரிக்கின்றன: உதவி, துணை, இணை, கூடுதல் ஆகியவை வெவ்வேறு நிலைகள், இளநிலை, முதுநிலை என்பவை அனுபவத்தின் படிகள், சார்பதிவாளர், சார் ஆட்சியர் என்பவற்றில் வரும் ‘சார்’ இன்னொரு படி. காவல் துறையில் உதவி ஆய்வாளர் வேறு, துணைக் கண்காணிப்பாளர் வேறு என்பது செய்தித்தாள் படிக்கும் எவருக்கும் தெரியும். பொதுப்பணித் துறையின் பொறியாளர் வரிசை இதற்கு மிக நல்ல எடுத்துக்காட்டு: உதவிப் பொறியாளர், உதவிச் செயற்பொறியாளர், செயற்பொறியாளர், கண்காணிப்புப் பொறியாளர், தலைமைப் பொறியாளர் என்று ஐந்து படிகளும் குழப்பமின்றி நிற்கின்றன. இவ்வளவு சொற்கள் கையில் இருக்கும்போது, உதவி மேலாளருக்கும் துணை மேலாளருக்கும் ஒரே பெயரைச் செயலி தருவதால், பதவி உயர்வு பெற்ற ஒருவரின் சுயவிவரப் பக்கம் உயர்வுக்கு முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருக்கிறது. அவருக்கு அது எவ்வளவு வருத்தம் தரும் என்பதை மென்பொருள் செய்தவர்கள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

பயிற்சிப் பிரிவில் உள்ள குழப்பம் செயலியோடு தொடங்கியதல்ல. இன்றைய தமிழிலேயே ‘பயிற்சியாளர்’ என்ற சொல் கற்றுக்கொடுப்பவருக்கும் கற்றுக்கொள்பவருக்கும் மாறி மாறிப் பயன்படுகிறது. ஆனால் ஒரே அட்டவணையில் இரு பத்திகளுக்கும் ‘பயிற்சியாளர்’ என்று தலைப்பிட்டால் யார் யாருக்குக் கற்பிக்கிறார் என்பதை எப்படி அறிவது? பயிற்றுநர், பயிலுநர் என்ற இணை இருக்கிறது. தொழிற்பழகுநர் என்ற சொல்லும் தொழிற்பயிற்சி நிலையங்களின் அறிவிப்புகளில் வழக்கமாக வருவதுதான்.

மொழித் தேர்வுப் பட்டியலில் ‘தமிழ் (இந்தியா)’, ‘தமிழ் (இலங்கை)’ என்று இரண்டு இருப்பதைப் பார்த்தபோது மகிழ்ந்தேன். இரண்டையும் மாற்றி மாற்றித் திறந்து பார்த்தால், நாணயக் குறியைத் தவிர ஒரு சொல்லும் மாறவில்லை. பதவிப் பெயர்களில்தான் இரு நாட்டுத் தமிழும் மிகவும் விலகி நிற்கின்றன என்பதால் இது பெரிய குறை. தமிழ்நாட்டின் மேலாளர் இலங்கையில் முகாமையாளர். இயக்குநர் அங்கே பணிப்பாளர். மேலாண்மை இயக்குநர் அங்கே முகாமைத்துவப் பணிப்பாளர். காவல் கண்காணிப்பாளர் அங்கே பொலிஸ் அத்தியட்சகர். துணை என்று இங்கே சொல்லும் இடத்தில் அங்கே பிரதி, கூடுதல் என்பதற்கு மேலதிக, முதுநிலைக்குச் சிரேஷ்ட, பொறுப்பு என்பதற்கு ‘பதில்’ என்ற முன்னொட்டு. ‘அதிபர்’ என்றால் இங்கே நாட்டின் தலைவரும் தொழில் நடத்துபவரும் நினைவுக்கு வருவார்கள். அங்கே பள்ளித் தலைமையாசிரியர் அதிபர், மாவட்ட நிர்வாகத்தின் தலைவர் அரசாங்க அதிபர். வேலை கொடுப்பவரைச் செயலி ‘முதலாளி’ என்று எழுதுகிறது. இலங்கையின் சேமலாப நிதி (நம் வைப்பு நிதி போன்றது) ஆவணங்களில் உள்ள ‘தொழில்தருநர்’ எவ்வளவு நேர்த்தியான சொல்! சோழர் கல்வெட்டுகளில் ‘புரவுவரித் திணைக்களம்’ என்று வரும் அந்தத் திணைக்களம் இலங்கையில் இன்றும் அரசுத் துறையின் பெயராக உயிரோடு இருக்கிறது என்பதை நினைக்கும்போது, அந்தத் தமிழை வெறும் நாணயக் குறி மாற்றமாகச் சுருக்கியது மனத்தை வருத்துகிறது.

தோட்டத் தொழிலுக்கென்று தரப்பட்டுள்ள பதவி வார்ப்புருவையும் பார்த்தேன். அதில் கணக்கப்பிள்ளை என்ற பதவி ‘கணக்காளர்’ ஆக்கப்பட்டிருக்கிறது. இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் கணக்கப்பிள்ளை என்பவர் அறைக்குள் பேரேடு எழுதுபவர் அல்லர். மலையில் நின்று தொழிலாளரின் வேலையை மேற்பார்ப்பவர். கங்காணி என்ற சொல்லும் அங்கே வெறும் மேற்பார்வையாளர் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து ஆட்களைத் திரட்டியவர், முன்பணம் கொடுத்துக் கடனாளியாக்கியவர், தோட்டத்தில் வேலை வாங்கியவர் என எல்லாம் ஒருவராகவே இருந்த காலத்தின் நினைவு அந்தச் சொல்லில் இருக்கிறது. எனவே, ஒரு பதவிப் பெயரை மாற்றும் முன் அந்தப் பதவியில் இருப்பவரையும் அவருக்குக் கீழே இருப்பவரையும் கேட்க வேண்டும்.

பெயரால் வரும் மதிப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மேலாளர், அலுவலர், பொறியாளர் எல்லோருக்கும் ‘-அர்’ என்னும் மரியாதை ஈறு இருக்க, ‘தொழிலாளி’, ‘காவலாளி’, ‘ஓட்டி’ என்று கீழ்நிலைப் பதவிகளை மட்டும் செயலி அந்த ஈறு இல்லாமல் எழுதுகிறது. அறிவிப்புகளிலும் ‘மேலாளர் ஒப்புதல் அளித்துள்ளார்’ என்று உயர்வாகவும், ‘தொழிலாளி வந்து சேர்ந்தான்’ என்று ஒருமையிலும் வினைமுற்று அமைந்திருக்கிறது. ஆணா பெண்ணா என்று தெரியாமலே ‘சேர்ந்தான்’ என்று எழுதுவது இரட்டைப் பிழை. தொழிலாளர், காவலர், ஓட்டுநர் என்று எழுதினால் பாலும் மரியாதையும் ஒருசேரத் தீர்ந்துவிடும். துப்புரவுப் பணியாளர் என்ற பெயரைத் தமிழ்நாடு அரசு 2020இல் தூய்மைப் பணியாளர் என்று மாற்றியது; செயலியில் பழைய பெயர்கூட இல்லை, ‘சுத்தம் செய்பவர்’ என்றே இருக்கிறது. இந்த ஒரு பகுதிக்காகவே இதற்கு மதிப்பெண் குறைப்பேன்.

பதவிப் பெயர்களை நிறுவனமே திருத்திக்கொள்ள ஒரு வசதி தந்திருக்கிறார்கள். இது பாராட்டத்தக்கது, நாங்கள் பல பெயர்களை இதன் வழியே மாற்றினோம். ஆனால் மாற்றிய பெயர்கள் வாக்கியங்களுக்குள் போகும்போது உடைகின்றன. தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டி அதன் வடிவத்தையும் மாற்றும் என்பதைக் கணக்கில் எடுக்காமல், பெயரின் பின்னால் ‘க்கு’ என்று மட்டும் ஒட்டுகிறார்கள். ‘ஃபோர்மேன்க்கு அனுப்பப்பட்டது’, ‘செல்வம்க்கு அனுப்பப்பட்டது’ என்று வருகிறது; ஃபோர்மேனுக்கு, செல்வத்துக்கு என்று வர வேண்டும். எல்லா இலக்கண விதிகளையும் நிரலில் எழுதுவது கடினம் என்றால், ‘ஒப்புதல் அளிப்பவர்: செல்வம், ஃபோர்மேன்’ என்று உருபே தேவைப்படாத வகையில் வாக்கியத்தை அமைத்துவிடலாம். சிறிய திரையில் நீண்ட பெயர்கள் பாதியில் வெட்டப்படுவதும் இதைப் போன்றதுதான். தமிழில் பதவியின் தலைமைச் சொல் கடைசியில் வருகிறது. ‘கண்காணிப்பு…’ என்று வெட்டினால் அவர் கண்காணிப்பாளரா, கண்காணிப்புப் பொறியாளரா என்பது தெரியாமல் போகிறது. வெட்டாமல் இரண்டு வரியாக மடித்துக் காட்டுவது ஒன்றும் பெரிய வேலையல்ல.

தேடல் பெட்டியிலும் ஒரு திருத்தம் தேவை. ‘சூப்பர்வைசர்’, ‘மேஸ்திரி’, ‘இன்சார்ஜ்’, ‘கேஷியர்’ என்று பேச்சில் வழங்கும் சொற்களைத் தட்டினால் எதுவும் கிடைப்பதில்லை. திரையில் மேற்பார்வையாளர் என்று எழுதியிருப்பதை நான் வரவேற்கிறேன். அதே வேளையில், அந்தச் சொல்லைத் தேடி வருபவர் தன் வாயில் பழகிய சொல்லோடுதான் வருவார். பேச்சுச் சொல்லைத் தட்டினாலும் உரிய பதவி கிடைக்கும்படி இணைத்துவைத்தால், எழுத்துச் சொல்லும் மெல்ல மெல்லப் பழக்கத்துக்கு வரும். இதற்கென ஒரு சொற்பட்டியலை நாங்களே தயாரித்து அனுப்பியிருக்கிறோம். பெற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது, அண்மையில் வந்த புதிய பதிப்பில் ‘நடிப்பு மேலாளர்’ மட்டும் ‘பொறுப்பு மேலாளர்’ ஆகியிருக்கிறது.

வாங்க எண்ணுபவர்களுக்கு: வருகைப்பதிவுக்கும் சம்பளச் சீட்டுக்கும் மட்டும் என்றால் தயங்காமல் வாங்கலாம். விடுப்பு, ஒப்புதல், முறையீடு ஆகியவற்றைத் தமிழில் நடத்த வேண்டுமானால், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் மாதிரிக் கணக்கு ஒன்றை வாங்கி, உங்கள் பதவிப் பெயர்கள் அனைத்தையும் அதில் ஏற்றி, ஒரு விடுப்பு விண்ணப்பத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை அனுப்பிப் பாருங்கள். அந்தச் சோதனையை மேலாளர்கள் செய்யாமல், செயலியைப் பயன்படுத்தப் போகும் தொழிலாளர் இருவர் மூவரிடம் கொடுத்து, ‘இது யாரிடம் போகிறது என்று நினைக்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலும் செயலி அனுப்பும் இடமும் ஒன்றாக இல்லாவிட்டால், பெயர்களைத் திருத்தித் தரும் வரை முழுத் தொகையையும் செலுத்த வேண்டாம்.