அலைகள் பாடமும் போன் வீடியோவும்: ஓர் ஆசிரியரின் அனுபவம்

பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் அலைகள் பாடத்தைச் சில ஆண்டுகளாக வீடியோ வைத்தே நடத்தி வருகிறேன். பள்ளி காரைக்குடிக்குப் பக்கத்தில். தமிழ்வழிப் பிள்ளைகள்தான் அதிகம். எது கைகொடுத்தது, எது காலை வாரியது என்று கேட்கும் சக ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன்.

வீடியோவைப் போட்டுவிட்டு நாம் ஓரமாக நின்றால் பலன் குறைவு. நிறுத்தி, ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி, "அடுத்து எங்கே இருக்கும்?" என்று கேட்டால்தான் பிள்ளைகள் யோசிக்கிறார்கள். யூடியூபில் கிடைக்கும் அழகான அனிமேஷனைவிட, அவர்களே போனில் எடுத்த ஆட்டமான வீடியோவுக்குத்தான் கேள்விகள் அதிகம் வருகின்றன.

எங்களுக்குத் தேவைப்பட்டது ஒரு ஸ்லிங்கி (நீண்டு சுருங்கும் சுருள்கம்பி), அதன் ஒரு சுற்றில் கட்டிய சிவப்பு ரிப்பன், நொடிக்கு 240 ஃபிரேம் எடுக்கும் போன். ஸ்லிங்கியின் ஒரு முனையை உதறினால் துடிப்பு (ஒற்றை அலை) கடந்து போகும், ரிப்பனோ அங்கேயே அசைந்துவிட்டு நின்றுவிடும். அலையோடு பொருளும் பயணிக்கிறது என்ற எண்ணம் இதில் நன்றாகவே ஆட்டம் காண்கிறது.

அப்புறம் இதைக் கேளுங்கள்: கையை ஓங்கி உதறினால் துடிப்பு சீக்கிரம் போய்ச் சேருமா? பெரும்பாலும் "சேரும் சார்" என்பார்கள். சின்ன உதறல், பெரிய உதறல் இரண்டையும் படமெடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினால், இரண்டும் கிட்டத்தட்ட ஒரே ஃபிரேமில் மறுமுனையைத் தொடும். வேகத்தைத் தீர்மானிப்பது இழுவிசையும் ஓரலகு நீளத்தின் நிறையும்தான். ஆனால் இழுவிசையைக் காட்ட ஸ்லிங்கியை எடுக்காதீர்கள். அதை இழுத்து நீட்டினால் வேகம் கூடும், போக வேண்டிய தூரமும் கூடும். நேரம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள். அதற்கு நீளமான தாம்புக்கயிறுதான் சரி.

வீடியோவின் உண்மையான பலம் வரைபடத்தில் இருக்கிறது. இடப்பெயர்ச்சி–தூரம், இடப்பெயர்ச்சி–நேரம் இரண்டும் பார்க்க ஒரே வளைவு என்பதால், அலைநீளம் (ஒரு முழு அலையின் நீளம்) எது, அலைவுக்காலம் (ஒரு முழு அலைவுக்கு ஆகும் நேரம்) எது என்று பிள்ளைகள் திணறுவார்கள். ஒரு ஃபிரேமை நிறுத்தி மேலே டிரேசிங் பேப்பர் வைத்து வரைந்தால் முதலாவது. ரிப்பனை மட்டும் ஃபிரேம் ஃபிரேமாகத் தொடர்ந்து புள்ளி வைத்தால் இரண்டாவது. இதற்கு மட்டும் இரண்டு பிரிவேளை தாராளமாக ஒதுக்குங்கள். கணினி இருந்தால் இலவசமாகக் கிடைக்கும் டிராக்கர் மென்பொருள் இந்த வேலையைச் செய்யும். ஸ்லோ மோஷன் கோப்பை அது பல நேரம் 30 ஃபிரேம் என்றே எடுத்துக்கொள்ளும், 240 என்று நாம்தான் மாற்ற வேண்டும்.

எங்கள் ஊர்ப்பக்கத்து நேரான நீளத் தெருக்கள் ஒலி வேகத்துக்கு அருமையான ஆய்வுக்கூடம். தெருவின் ஒரு முனையில் ஒருவர் தவில் தட்ட, 100 மீட்டர் தள்ளி நின்று படமெடுங்கள். 35 டிகிரி வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 352 மீட்டர் போகும். 30 ஃபிரேம் வீடியோவில் அடி விழுந்து எட்டு ஒன்பது ஃபிரேம் கழித்துத்தான் சத்தம் வரும். முதலில் பக்கத்திலேயே ஒரு தட்டு தட்டி எடுத்துக்கொள்ளுங்கள். போனிலேயே ஒலி பின்தங்கினால் அதைக் கழித்துவிடலாம்.

தொல்லைகளும் உண்டு. டியூப்லைட்டில் ஸ்லோ மோஷன் எடுத்தால் படம் மினுமினுக்கும்; 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒளி நொடிக்கு 100 முறை ஏறி இறங்குவதுதான் காரணம். நாங்கள் முற்றத்து வெளிச்சத்தில்தான் எடுக்கிறோம். இன்னொன்று, வீணைத் தந்தி பாம்பாக நெளியும் வீடியோக்கள். "சார், இதுதானே நிலை அலை?" என்று ஒரு மாணவி கேட்டாள். முன்னே நகராமல் ஒரே இடத்தில் அதிரும் அலைதான் நிலை அலை. இது அது இல்லை. போன் கேமரா படத்தை வரிவரியாகப் பதிவுசெய்கிறது. அதற்குள் தந்தி நகர்ந்துவிடுகிறது. போனைப் பக்கவாட்டில் திருப்பி எடுங்கள், நெளிவு மாறிவிடும். நிலை அலையின் கணு (அசையாத இடம்), எதிர்க்கணு (அதிகம் அசையும் இடம்) இரண்டையும் காட்ட அந்த வீடியோக்களைத் தொடவே வேண்டாம்.

வெளிப்படங்களில் நான் விடாமல் காட்டுவது, பெல் ஆய்வகத்தின் ஜான் ஷைவ் தன் அலை இயந்திரத்தை இயக்கிக் காட்டும் 1959ஆம் ஆண்டுப் படம். துடிப்பு கண்ணால் தொடரும் அளவுக்கு நிதானமாகப் போகும். கட்டிய முனையில் தலைகீழாகத் திரும்பும், கட்டாத முனையில் நிமிர்ந்தே திரும்பும். ஆங்கில ஒலியை நிறுத்திவிட்டு நான் தமிழில் பேசுவேன்.

ஒலியைப் போல, துகள்கள் அலை போகும் திசையிலேயே முன்னும் பின்னும் அசையும் நெட்டலையில் மட்டும் வீடியோவால் எனக்கு முழுத் திருப்தி இல்லை. நெருக்கம் நகர்வதைப் பார்த்துவிட்டுக் காற்றே ஓடுகிறது என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். அதனால் பிள்ளைகளைத் தோளோடு தோள் வரிசையில் நிறுத்தி, கடைசி ஆளை மெல்லத் தள்ளச் சொல்கிறேன். மாடியிலிருந்து ஒருவர் அதைப் படமெடுக்கிறார். பிறகு வகுப்பில் ஓட்டும்போது ஒவ்வொரு பிள்ளையும் தன்னை மட்டும் பார்த்து, எவ்வளவு நகர்ந்தேன் என்று குறிக்க வேண்டும்.