பழைய ஆசிலாஸ்கோப் திரைக்கு எல்இடி கிட்: பட்டை நல்லது, பலகை வேண்டாம்

மலேசியாவின் பாயான் லெப்பாஸ், கூலிம் தொழிற்சாலைகள் கழித்துவிடும் டெக்ட்ரானிக்ஸ் டிடிஎஸ் 210 ஆசிலாஸ்கோப்புகள் (மின் அலையைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் அளவுக் கருவிகள்) கைமாறிக் கைமாறி பாடாங் செராய் மாதிரியான தோட்டப் பட்டணங்களுக்கும் வந்து சேர்வதுண்டு. 1997-ல் வெளிவந்தது, இரண்டு சேனல், 60 மெகாஹெர்ட்ஸ். இன்வெர்ட்டர் ஏர்கோன் பலகைக்கும், செம்பனை ஆலையின் கட்டுப்பாட்டுப் பலகைக்கும் இன்றும் தாராளமாகப் போதும். அளக்கும் பகுதி நன்றாக இருக்கும்போதே திரை இருண்டுவிடுவதால்தான் பல கருவிகள் பழைய இரும்போடு போகின்றன. அது பெரிய அநியாயம், ஏனென்றால் பெரும்பாலும் பழுது திரைக்குப் பின்னொளி தரும் ஒரு மெல்லிய கண்ணாடிக் குழல் விளக்கில்தான்.

அந்தக் குழலுக்கு மாற்றாக இணையக் கடைகளில் விற்கும் எல்இடி பேக்லைட் கிட்டைப் பற்றியதுதான் இந்த மதிப்பீடு. 24 அங்குல மானிட்டருக்கென்று செய்தது: எல்இடி வரிசை ஒட்டிய இரண்டு பட்டைகள், அவற்றுக்கு மின்சாரம் தரும் ஒரு டிரைவர் பலகை, வயர்கள். சில வெள்ளிக்குக் கிடைத்துவிடும்.

வாங்குவதற்கு முன் பழுது எதுவென்று உறுதிப்படுத்துங்கள். டிஸ்பிளே மெனுவில் கான்ட்ராஸ்ட் முழுக்கக் குறைந்து கிடக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். இதற்குச் செலவே இல்லை. பிறகு அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் திரையில் சாய்வாக அடியுங்கள். அலைக்கோடும் எழுத்தும் மங்கலாகத் தெரிந்தால் பின்னொளிதான் போயிருக்கிறது. ஆன் செய்ததும் இளஞ்சிவப்பாக எரிந்து பிறகு வெளுத்தால் குழலுக்கு வயதாகிவிட்டது. எரிந்து சில விநாடியில் அணைந்தால் குழல் தளர்ந்து, அதற்கு உயர் மின்னழுத்தம் தரும் இன்வெர்ட்டர் சுற்று தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிறது என்று கொள்ளலாம். இன்வெர்ட்டரே கெட்டிருக்கவும் கூடும். கோடு கோடாகத் திரை விடுபட்டாலோ, பழுப்புத் திட்டுகளோடு புளித்த வாடை வந்தாலோ இந்தக் கிட் உதவாது. முன்னது எல்சிடியின் இணைப்புக் கோளாறு, பின்னது எல்சிடியின் மேல் ஒட்டியிருக்கும் ஒளிவடிகட்டித் தாளான போலரைசரின் சிதைவு.

இனிப் பொருளுக்கு வருவோம். பட்டை உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. மூன்று மூன்று எல்இடியாகத் தொடராக இணைத்து, ஒவ்வொரு மூன்றுக்கும் ஒரு வெட்டுக்கோடு போட்டிருக்கிறார்கள். 5.7 அங்குலத் திரைக்கு ஏறக்குறைய 115 மி.மீ. நீளம் போதும், பழைய குழலை அளந்து, அதைவிடக் கொஞ்சம் குறைவாக வரும் வெட்டுக்கோட்டில் கத்தரியுங்கள். அகலத்தைக் கவனிக்க வேண்டும். 2 மி.மீ. பட்டை குழல் இருந்த பள்ளத்தில் உட்காரும்; 4 மி.மீ. உட்காராது. எல்இடி முகம் ஒளிபரப்பும் பிளாஸ்டிக் தகட்டின் விளிம்பை நேராகப் பார்க்க வேண்டும். சற்றே திரும்பினாலும் திரையோரத்தில் புள்ளி புள்ளியாக வெளிச்சம் விழும்.

டிரைவர் பலகையில்தான் சிக்கல். மானிட்டருக்கு அது குறையில்லாத பலகை. அளக்கும் கருவிக்குள் வைத்தால் நல்ல அயலானாக இருக்காது. அது மின்சாரத்தை வேகமாக விட்டு விட்டுத் தரும் சுவிட்சிங் முறையில் வேலை செய்கிறது, காயிலுக்குக் கவசமும் இல்லை. சோதிப்பது எளிது. அளக்கும் வயரான புரோபின் நுனியை அதன் கிரவுண்ட் கிளிப்பிலேயே மாட்டி ஒரு வளையமாக்கி, 2 மில்லிவோல்ட், 2.5 மைக்ரோசெகண்ட் அளவில் திரைக்கு அருகே பிடியுங்கள். பலகையிலிருந்து முள் முள்ளாக எழும் மின் இரைச்சல் திரையில் தெரியும். பவர் சப்ளை சிற்றலையைத் தேடுபவர் அதையே பழுதென்று நம்பிக் கப்பாசிட்டர் மாற்றிக்கொண்டிருப்பார். பழைய இன்வெர்ட்டரும் இரைச்சல் தந்ததுதான், ஆனால் அதைக் கணக்கில் கொண்டே கருவியை வடிவமைத்திருந்தார்கள்.

ஆகவே பலகையை ஒதுக்கிவிட்டு ஒரே ஒரு ரெசிஸ்டர் போடுங்கள். மூன்று வெள்ளை எல்இடிக்கு 10 மில்லியாம்பியரில் ஏறத்தாழ 9 வோல்ட் விழும். இப்படி மூன்று மூன்றாக ஏழு தொகுதி வைத்தால் மொத்தம் 70 மில்லியாம்பியர். 12 வோல்ட்டிலிருந்து எடுத்தால் மீதி 3 வோல்ட். 47 ஓம், அரை வாட் சரியாக இருக்கும். முதலில் 100 ஓமில் ஏற்றிப் பார்த்துவிட்டு இறக்கி வாருங்கள். தொகுதிக்கு 20 மில்லியாம்பியர் கொடுத்தால் வெளிச்சம் கூடும். கூடவே மூடிய பெட்டிக்குள் சூடும் கூடி, பட்டை சீக்கிரம் மஞ்சளாகும். நம் ஊர் வெப்பத்தில் 10 தாண்ட வேண்டியதில்லை. 12 வோல்ட் எங்கே இருக்கிறது என்பதை மல்டிமீட்டரால் தேடுங்கள், ஊகிக்காதீர்கள். 5 வோல்ட் இடத்தில் கொடுத்தால் இந்தப் பட்டை எரியவே எரியாது.

இன்வெர்ட்டரின் மின்வரவைக் கட்டாயம் துண்டிக்க வேண்டும். குழல் இல்லாமல் அது ஓடினால் ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் எழும்பி இணைப்பிலேயே பொறி பறக்கும். பவர் சப்ளையோடு ஒரே பலகையில் இருந்தால், அதற்குப் போகும் தடத்தைத் தேடி அதை மட்டும் விடுவியுங்கள்.

பெட்டியைத் திறக்கும்போது 240 வோல்ட்டை நேராக்கும் பெரிய கப்பாசிட்டரில் 340 வோல்ட் வரை தங்கியிருக்கலாம். பிளக்கைக் கழற்றி, 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டரை இடுக்கியில் பிடித்து அந்தக் கப்பாசிட்டரின் இரு முனைகளிலும் வைத்து மின்சாரத்தை வடித்துவிட்டு, மீட்டரில் சுழி வந்த பிறகே கை வையுங்கள். ஆலையிலிருந்து வந்த கருவியானால் எண்ணெய்ப் புகையோடு தூசி ஒட்டியிருக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் பலகையைத் துடையுங்கள், எல்சிடியின் முகத்தில் மட்டும் படவிடாதீர்கள்.

குழலைக் கழற்றுவதற்கு அவசரம் ஆகாது. இரு முனையிலும் உள்ள ரப்பர் மூடியோடு சேர்த்து நெம்பினால் உடையாமல் வரும். வயரைப் பிடித்து இழுத்தால் கண்ணாடி நொறுங்கும். உள்ளே பாதரசம் இருப்பதால் அதைத் தாளில் சுற்றி மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள், வீட்டுக் குப்பையில் போடாதீர்கள்.