23 லட்சத்துக்குப் பழைய கேம்ரி: காவேரிப்பட்டினத்திலிருந்து ஒன்றரை வருஷ அனுபவம்

2019 மாடல் டொயோட்டா கேம்ரி ஹைப்ரிட், அதாவது பெட்ரோல் எஞ்சினும் பேட்டரியில் ஓடும் மோட்டாரும் சேர்ந்த கார். ஒரே ஓனர், தமிழ்நாட்டுப் பதிவு, 61,000 கிலோமீட்டர் ஓடியது. 2024 ஜனவரியில் 23 லட்சத்துக்கு வாங்கினோம். 2019-ல் புதிதாக வந்தபோது இதன் ஷோரூம் விலை 36.95 லட்சம். இப்போது மீட்டர் 84,000 காட்டுகிறது.

வாங்கிய காரணத்தைச் சொன்னால்தான் நான் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன் என்பது புரியும். என் மாமனாருக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆகியிருந்தது. மாதம் இரண்டு முறை பெங்களூருக்கு அழைத்துப் போக வேண்டும். எங்களிடம் இருந்த சின்ன வண்டியில் சூளகிரி தாண்டுவதற்குள்ளேயே அவர் முகம் சுருங்கிவிடும். அத்திப்பள்ளி வரும்போது பேச்சே நின்றுவிடும். வண்டி ஓட்டுவது நான்தான். உரக்கடையை அன்றைக்கு வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். வயதான மனிதரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, ஒரு பெண் தனியாக ஓட்டிப் போகும் வண்டி ஹைவேயில் நிற்கக் கூடாது. எனக்கு முதல் தேவை அதுதான், சொகுசுகூட அதற்கப்புறம்தான்.

வீட்டுக்காரருக்கு ஜெர்மன் வண்டி மேல் ஆசை. அதில் தப்பும் இல்லை. அதே பணத்துக்கு 2015, 2016 மாடல் பென்ஸ் இ-கிளாஸ், பி.எம்.டபிள்யூ 520டி எல்லாம் கிடைத்தன. புதிதில் ஐம்பது லட்சத்தை ஒட்டி விற்றவை. ஓட்டிப் பார்த்தால் இறங்க மனசு வராது, அவ்வளவு உறுதியாக ரோட்டைப் பிடிக்கும். ஆனால் ஓசூரில் முப்பது வருஷம் லாரி மெக்கானிக்காக இருந்த என் சித்தப்பா ஒன்றே ஒன்று சொன்னார்: “வண்டி விலைதான் எறங்கும் கண்ணு. பார்ட்ஸ் விலை ஏறிக்கிட்டேதான் இருக்கும்.”

அவரைக் கூட்டிக்கொண்டுதான் ஐந்து வண்டிகளைப் பார்த்தோம். அவர் போட்ட முதல் நிபந்தனை, நாங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்பது. போனதும் பானெட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். சூடாக இருந்தால் காபி குடிக்கக் கிளம்பிவிடுவார். ஆறின பிறகுதான் சாவி போடுவார். எஞ்சினுக்குள் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் செயின் தளர்ந்திருந்தால் ஆறின எஞ்சினில் முதல் சில வினாடிகளில்தான் கரகரவென்று சத்தம் வரும், ஆயில் ஏறிவிட்டால் அடங்கிவிடும் என்றார். பி.எம்.டபிள்யூவின் பழைய என்47 டீசல் எஞ்சினில் அந்தச் செயின் பின்பக்கம், கியர்பாக்ஸ் பக்கமாக இருக்கிறது. மாற்ற வேண்டுமென்றால் பெரிய வேலை. 2014 வாக்கில் எஞ்சினையே மாற்றிவிட்டார்கள். அதனால் 520டி வாங்குபவர்கள் எந்த வருஷம் என்று பார்ப்பதோடு எந்த எஞ்சின் என்றும் கேளுங்கள்.

ஸ்கோடா சூப்பர்ப் 1.8 பெட்ரோலும் பட்டியலில் இருந்தது. பின்சீட்டில் கால் நீட்ட அதைப் போல இடம் இந்த விலையில் வேறெதிலும் இல்லை, மாமனாருக்கு அளவெடுத்தது போல இருந்திருக்கும். ஆனால் அந்த பெட்ரோல் மாடலில் ஏழு கியர் டிரை கிளட்ச் டி.எஸ்.ஜி., அதாவது ஆயிலில் நனையாத கிளட்ச் வைத்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். நின்று நின்று நகரும் டிராஃபிக்கில் அந்த கிளட்ச் சூடேறும். எங்கள் பாதையோ ஓசூரும் எலக்ட்ரானிக் சிட்டியும். மனசில்லாமல்தான் விட்டோம்.

நான்காவதாகப் பார்த்த வண்டியை மறக்க முடியாது. பெங்களூரில் ஒரு பழைய வண்டி வியாபாரி. ஜெர்மன் செடான், வெள்ளை நிறம், மீட்டரில் 40,000கூட இல்லை, நாங்கள் நினைத்ததைவிட மூன்று லட்சம் குறைவு. வீட்டுக்காரர் அட்வான்ஸ் கொடுக்க போனைக் கையில் எடுத்துவிட்டார். சித்தப்பா பின்சீட்டில் உட்கார்ந்து சீட் பெல்ட்டை இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார், அது முழுசாக வெளியே வந்து நிற்கும்வரை. கடைசி ஒரு சாண் பெல்ட்டின் மேல் சேற்றுத் துணியால் துடைத்து எடுத்தது போல ஒரு பழுப்புக் கோடு. வேட்டி நுனியால் தேய்த்தார். மாவு போன்ற மெல்லிய வண்டல் ஒட்டிக்கொண்டு வந்தது. பிறகு சீட்டுக்கடியில் டார்ச் அடித்துக் காட்டினார். போல்ட்டெல்லாம் துரு. தண்ணீர் சீட்டைத் தாண்டி நின்றிருக்கிறது. பாலிஷ், புது கார்ப்பெட், வாசனை எல்லாம் போட்டிருந்தார்கள்; பெல்ட்டின் உள்சுருளை மட்டும் யாரும் கழுவவில்லை. கேட்டதற்கு வியாபாரி, “வாட்டர் சர்வீஸ் விட்டிருப்பாங்க மேடம்” என்றார்.

2022 செப்டம்பரில் பெல்லந்தூர்ப் பக்கம் வெள்ளம் வந்தபோது எத்தனை சொகுசு வண்டிகள் மூழ்கின என்று எல்லோரும் டிவியில் பார்த்தோம். நாங்கள் தேடிய நேரத்தில் சென்னையில் மிக்ஜாம் புயல் வேறு அப்போதுதான் ஓய்ந்திருந்தது. இந்த வண்டிகளில் கம்ப்யூட்டர் பெட்டிகளும் ஒயரிங்கும் தரைக்குப் பக்கத்தில் ஓடுகின்றன. தண்ணீர் புகுந்தால் உடனே நிற்காது, ஆறு மாதம் கழித்து ஒவ்வொன்றாகக் காட்டும். தயவுசெய்து பெல்ட்டை முழுசாக இழுத்துப் பாருங்கள். இரண்டு நிமிஷ வேலை.

பெங்களூரில் வாங்க நினைப்பவர்களுக்கு இன்னொன்று. கர்நாடகப் பதிவு வண்டி விலை குறைவாகத்தான் தெரியும். ஆனால் அங்கே தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, சாலை வரியை இங்கே கட்டி, அங்கே கட்டியதைத் திரும்பக் கேட்டு அலைய வேண்டும். இதையெல்லாம் கூட்டினால் மிச்சம் அதிகமில்லை.

ஐந்தாவதுதான் இந்த கேம்ரி. சேலத்தில் ஒரு டாக்டர் குடும்பத்துடையது. ஒவ்வொரு சர்வீஸ் பில்லும் வரிசையாக ஃபைலில் இருந்தது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் கொடுத்து ஹைப்ரிட் பேட்டரியைச் சோதிக்கச் சொன்னோம். ரிப்போர்ட் வரும்வரை அட்வான்ஸ் பேசவில்லை; அவர்களும் அவசரப்படுத்தவில்லை.  வாரண்டி முடிந்து பேட்டரி போனால் செலவு லட்சக்கணக்கில்தான், அதை மறைக்கக் கூடாது. அதற்கென்று மாதம் நாலாயிரம் தனியாகப் போட்டு வருகிறேன்.

வண்டி எப்படி? ஓசூரில் அரை மணி நேரம் நகராமல் நின்றாலும் பெரும்பாலும் எஞ்சின் அணைந்திருக்கும், ஏ.சி. பேட்டரியில் ஓடும்; பேட்டரி குறைந்தால் மட்டும் எஞ்சின் கொஞ்ச நேரம் ஓடி ஏற்றிக்கொள்ளும். மாமனார் பின்சீட்டைச் சாய்த்துக்கொண்டு தூங்கிவிடுகிறார். சாய்க்கும் பட்டன் நடுக் கைப்பிடியிலேயே இருப்பதால் என்னைக் கூப்பிட வேண்டியதில்லை. பேட்டரி பின்சீட்டுக்குக் கீழே இருப்பதால் டிக்கி முழுசாகக் காலி. வாக்கர், மடக்கு நாற்காலி, சாப்பாட்டுக் கூடை எல்லாம் போகும். பெங்களூரு போய் வந்தால் லிட்டருக்கு 17, 18 கொடுக்கிறது.

எனக்கு மனசு நிறைந்தது தொப்பூர் கணவாயில்தான். தர்மபுரியிலிருந்து சேலம் இறங்கும்போது அங்கே எத்தனை லாரிகள் பிரேக் பிடிக்காமல் போயிருக்கின்றன என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிரேக்கை லேசாகத் தொட்டால் மோட்டாரே வேகத்தை இழுத்துப் பிடித்து பேட்டரியில் ஏற்றுகிறது. பாதி இறக்கத்தில் பேட்டரி நிறைந்துவிடும். உடனே எஞ்சின் தானாகச் சுழன்று உறுமும். முதல் தடவை பயந்துவிட்டேன். சித்தப்பாவுக்கு போன் போட்டுக் கேட்டேன், “ஏறின கரண்டுக்கு எடமில்ல, அதான் எஞ்சினைச் சுத்தி வேகத்தைக் குறைக்குது, ஓட்டு” என்றார். அதனால்தான் 84,000-லும் பிரேக் பேட் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது.

கவனிக்க வேண்டியவையும் உண்டு. செடான் என்றாலே சீட் தாழ்வு. இடுப்பு ஆபரேஷன் ஆனவர்கள் முழங்காலைவிடத் தாழ்வாக உட்காரக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் கெட்டி மெத்தை ஒன்று தைத்துப் போட்டிருக்கிறோம். எங்கள் தெரு வேகத்தடையில் குறுக்காக ஏற்றித்தான் இறக்குகிறேன். பேட்டரியைக் குளிரவைக்கும் காற்று பின்சீட்டின் கீழே இருக்கும் துவாரம் வழியாகப் போகிறது. உள்ளே ஒரு சல்லடை உண்டு. கடைத்தூசி, ரோட்டுத்தூசி எல்லாம் அதில்தான் படிகிறது. ஒவ்வொரு சர்வீஸிலும் அதைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், பையையோ துண்டையோ வைத்து அந்தத் துவாரத்தை அடைக்காதீர்கள். இந்த பேட்டரியின் ஆயுள் பாதி அதில் இருக்கிறது.

ஒன்றரை வருஷத்தில் செலவு: மூன்று சர்வீஸ் சேர்த்து 38,000, டிக்கியில் இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரி 11,000, இன்சூரன்ஸ் 43,000. ஒரு நாள்கூட வழியில் நிற்கவில்லை. டயரில் 2222 என்று அச்சிட்டிருக்கிறது, அதாவது 2022-ஆம் வருஷம் 22-ஆவது வாரம் செய்தது. ஓரம் தேய்ந்துவிட்டது. 18 அங்குல டயர் விலை அதிகம், நான்குக்கும் சேர்த்து அறுபதாயிரம் எடுத்து வைத்திருக்கிறேன். மாமனாரின் அடுத்த செக்கப்புக்கு முன்னால் மாற்றிவிட வேண்டும்.